பிண்ணாக்கு கூடினால் பால் கூடுமா?

கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தேன். முதலாண்டு மாணவர்களுக்குக் 'குறைந்து செல் விளைவு விதி'யை விளக்க, ஆண்டுதோறும் கரும்பலகையில் ஒரே உதாரணத்தைத்தான் எழுதுவேன். ஓர் ஏக்கர் நிலம். ஒரு மூட்டை உரத்துக்கு இவ்வளவு கூடுதல் விளைச்சல். இரண்டாவது மூட்டைக்கு அதைவிடக் குறைவு. மூன்றாவதற்கு இன்னும் குறைவு. நான்காவது மூட்டை வீண். ஐந்தாவது இட்டால் பயிரே சாய்ந்துவிடும். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் சரியாக எழுதுவார்கள். அதே விதி என் தங்கையின் மாட்டுத் தொழுவத்தில் நாள்தோறும் இரு வேளை அரங்கேறிக்கொண்டிருந்ததை நான் ஓய்வுபெற்ற பிறகே அறிந்தேன். அதுவும் நானாகக் கண்டுகொள்ளவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

தாராபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நான்கு கலப்பினப் பசுக்களை வைத்துக் குடும்பத்தை நடத்தி வருகிறாள் தங்கை. கணவர் மறைந்த பிறகு, கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலையும் மாலையும் ஊற்றும் பால்தான் அந்த வீட்டின் வருமானம். ஒரு கோடையில் பால் குறைந்தது. தொலைபேசியில் சொன்னாள். "தீவனத்தில் சிக்கனம் பார்க்காதே, முதல் போட்டால்தான் வரவு வரும்" என்று பேராசிரியர் தோரணையில் அறிவுரை சொல்லிப் பணமும் அனுப்பினேன். கடலைப் பிண்ணாக்கு கூடியது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் சேர்ந்தது. ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் வேலிமசால் ஏற்கெனவே தழைத்து நின்றது. ஆனால், பால் கூடவில்லை. மாடுகள் மெலிந்தன, சாணம் இளகிப் போயிற்று. நல்ல கறவையான ஒரு பசு மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

மருத்துவர் வந்த காலையில் நானும் அங்கே இருந்தேன். அவர் மாட்டைத் தொடுவதற்கு முன்பு தொழுவத்து வாசலில் நின்று மூச்சை இழுத்தார். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி எங்களுக்குப் பழகிப் போனது. மாட்டுத் தொழுவம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது எங்கள் எண்ணம். "ஐயா, இந்த வாடை என்னவென்று நினைக்கிறீர்கள்? நீங்கள் வாங்கிப் போட்ட பிண்ணாக்குதான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. புரிந்துகொண்டதைப் பகிர்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இது மாட்டுக்காரர்களுக்கு மட்டுமான செய்தி அன்று. பால் விலை, நிலத்தடி நீர், உர மானியம் ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படுகிற எவருக்கும் இதில் பங்கு உண்டு.

வயிற்றுக்குள் ஒரு பண்ணை

நாம் உண்ணும் பருப்பின் புரதம் நேராக நம் குடலுக்குச் சென்று செரிக்கிறது. மாட்டின் கதை வேறு. அசைபோடும் விலங்குகளுக்கு இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் பெரியதான அசையூண் வயிறு, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். கோடானுகோடி நுண்ணுயிரிகள் அங்கே வாழ்கின்றன. மாடு தின்னும் வைக்கோலும் புல்லும் பிண்ணாக்கும் முதலில் அவற்றுக்குத்தான் விருந்து. மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் வயிற்றுக்குள் இருக்கும் பண்ணைக்குப் போடுகிறோம்.

தீவனத்தில் வரும் புரதத்தின் பெரும்பகுதியை இந்த நுண்ணுயிரிகள் உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. பிறகு அதே அம்மோனியாவைக் கொண்டு தம் உடலைக் கட்டிப் பெருகுகின்றன. பெருகிய நுண்ணுயிரிகள் அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் செரிக்கப்படுகின்றன. பசுவின் குடலைச் சென்றடையும் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டது இந்த நுண்ணுயிரிப் புரதமே. பாலில் நாம் காணும் புரதத்துக்கு முதன்மையான மூலப்பொருள் இதுதான்.

இங்கேதான் நிபந்தனை வருகிறது. அம்மோனியாவைப் புரதமாக மாற்ற நுண்ணுயிரிகளுக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் தானியத்திலுள்ள மாவுச்சத்திலிருந்தும் புல்லின் செரிக்கத்தக்க நாரிலிருந்தும் கிடைக்கிறது. கொத்தனார் பத்துப் பேர் இருந்தும் செங்கல் வராவிட்டால் சுவர் எழாது. செங்கல் மலைபோல் குவிந்தும் கொத்தனார் ஒருவரே என்றாலும் சுவர் எழாது. பிண்ணாக்கைக் கூட்டிவிட்டு மாவுச்சத்தைக் கூட்டாமல் விட்டால், அம்மோனியா மிஞ்சுகிறது. மிஞ்சிய அம்மோனியா வயிற்றின் சுவர் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அம்மோனியா நஞ்சு, ஆகவே கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்த வேலைக்கும் மாட்டின் ஆற்றல்தான் செலவாகிறது. யூரியாவில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் திரும்பி வந்து மறுபடி பயன்படுகிறது. இது இயற்கையின் சிக்கனம். எஞ்சியது சிறுநீரில் போகிறது. சிறிதளவு பாலிலும் கலக்கிறது.

சிறுநீரில் போன யூரியா தரையில் சாணத்தோடு சேர்ந்ததும், சாணத்து நுண்ணுயிரிகளின் நொதி அதை விரைவில் அம்மோனியாவாகச் சிதைக்கிறது. தங்கையின் தொழுவத்தில் கண்ணைக் கரித்தது அந்த அம்மோனியா. பிண்ணாக்குக் கடையில் கொடுத்த பணம் வாயுவாகிக் கூரை வழியே போய்க்கொண்டிருந்தது.

எல்லாப் பிண்ணாக்கும் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடலைப் பிண்ணாக்கின் புரதம் அசையூண் வயிற்றில் எளிதில் உடைந்துவிடும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் உடையாமல் குடலைச் சென்றடையும் பங்கு அதைவிட அதிகம். பிண்ணாக்கைப் பதப்படுத்தி, புரதம் முதல் வயிற்றைக் கடந்து செல்லும்படி செய்யும் முறைகளும் நம் நாட்டில் வந்துவிட்டன. அதிகம் கறக்கும் பசுக்களுக்கு அவை பயன்படும். ஆனால் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை.

ஐந்து தட்டுகள், ஓர் உண்மை

ஒரு வீட்டு மாட்டின் கதை சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். சான்றுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். மேடிசன் நகரிலுள்ள அமெரிக்கப் பால்பண்ணைத் தீவன ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் ஓல்மோஸ் கோல்மெனேரோவும் கிளென் பிராடெரிக்கும் 2006-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கறவையிலிருந்த 40 ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கு ஐந்து வகைத் தீவனங்களை அளித்துப் பார்த்தார்கள். பாதி ஊறுகாய்ப்புல்லும் பாதி அடர்தீவனமும் கொண்ட அந்த ஐந்துக்கும் முக்கிய வேறுபாடு ஒன்றுதான்: மக்காச்சோளத்தைக் குறைத்துச் சோயாப் பிண்ணாக்கைப் படிப்படியாகக் கூட்டினார்கள். அதனால் கச்சாப் புரதம் 13.5, 15.0, 16.5, 17.9, 19.4 சதவீதம் என உயர்ந்தது.

பால் என்ன ஆயிற்று? ஒரு பசு நாளொன்றுக்குக் கொடுத்தது முறையே 36.3, 37.2, 38.3, 36.6, 37.0 கிலோ. அதாவது, புரதம் 16.5 சதவீதம் வரை உயர்ந்தபோது பாலும் ஏறியது. அதற்கு மேல் கொடுத்த புரதத்தால் ஒரு சொட்டுப் பாலும் கூடவில்லை. மறுபுறம், பசு தின்ற நைட்ரஜனில் பாலாக மாறிய பங்கு 36.5 சதவீதத்திலிருந்து 25.4 சதவீதமாக இறங்கியது. சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜன் நாளொன்றுக்கு 113 கிராமிலிருந்து 257 கிராமாக ஏறியது.

கச்சாப் புரதம் என்பதே நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிக் கிடைக்கும் எண். டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883-இல் உருவாக்கிய அளவீட்டு முறை இன்றும் இதற்கு அடிப்படை. அந்தக் கணக்கின்படி, ஐந்தாவது தீவனம் தின்ற பசுவின் சிறுநீரில் முதல் தீவனத்தைவிடக் கூடுதலாகப் போன 144 கிராம் நைட்ரஜன் என்பது 900 கிராம் புரதத்துக்குச் சமம். இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உர மூட்டையிலுள்ள யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 144 கிராம் நைட்ரஜன் ஏறத்தாழ 313 கிராம் யூரியா. 305 நாள் கறவைக் காலத்தில் இது சுமார் 95 கிலோ. இரண்டு மூட்டைக்கும் மேல்!

இந்தப் பசுக்கள் நாளுக்கு 37 கிலோ கறப்பவை; நம் கலப்பினப் பசுக்கள் கறப்பது அதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். ஆகவே 16.5 என்ற எண்ணை எடுத்து நம் தொழுவத்தில் ஒட்டிவைக்கக் கூடாது. நம் பசுக்களுக்கு அதைவிடக் குறைந்த விகிதமே போதும். நமக்கு வேண்டியது எண் அன்று, வளைகோட்டின் வடிவம். ஏறுகிறது, தட்டையாகிறது, பிறகு வீணாகிறது. கரும்பலகையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நான் வரைந்த கோடு அதுவே.

அறிந்த விதி, அறியாத தொழுவம்

குறைந்து செல் விளைவு விதியைப் பொருளாதார அறிஞர்கள் மால்தஸ், வெஸ்ட், ரிக்கார்டோ ஆகியோர் 1815-இல் நிலத்தை முன்வைத்துத் தனித்தனியே எழுதினார்கள். பசுவுக்கு அது முறையாகச் சென்றுசேர நூறாண்டுக்கு மேல் பிடித்தது. இவ்வளவு தீவனத்துக்கு இவ்வளவு பால் என்று நேர்விகிதத்தில் எண்ணியிருந்த காலத்தில், 1942-இல் அமெரிக்க வேளாண் துறை ஐனர் யென்சனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வை வெளியிட்டது. தீவனத்தைக் கூட்டக் கூட்ட, ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கிடைக்கும் கூடுதல் பால் குறைந்துகொண்டே போகிறது என்று அது காட்டியது.

இதிலிருந்து பொருளாதாரம் சொல்லும் பாடம், 'அதிகப் பால் கிடைக்கும் அளவுக்குப் போடு' என்பதன்று. கடைசியாகப் போட்ட ஒரு கிலோ பிண்ணாக்கின் விலையும், அதனால் கிடைத்த கூடுதல் பாலின் விலையும் சமமாகும் இடத்தில் நிறுத்திக்கொள் என்பதே பாடம். அந்த இடம், பால் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே வந்துவிடும். எங்கள் பகுதியில் கடலைப் பிண்ணாக்கின் கிலோ விலை மக்காச்சோளத்தின் விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பால் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகும்போது, உச்சத்தைத் தாண்டிச் செல்வது சிறு குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய பிழை அன்று.

பிறகு ஏன் தாண்டிப் போகிறோம்? மருத்துவர் கேட்காவிட்டாலும் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. முதல் காரணம், ஓர் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, மற்றது தெரிவதில்லை. அரை லிட்டர் பால் குறைந்தால் அன்று மாலையே சங்கத்து அட்டையில் தெரிந்துவிடும். சிறுநீரில் போன புரதத்துக்கு எந்த அட்டையும் இல்லை. ஆகவே பிண்ணாக்கு ஒருவகைக் காப்பீடாகிவிடுகிறது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு படி கூடப் போடுகிறோம். இரண்டாவது, தீவன மூட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது புரத சதவீதம். அதிகம் என்றால் உயர்ந்தது என்று வாங்குகிறோம். ஆற்றலைப் பற்றிக் கேட்பவர் அரிது. மூன்றாவது, எங்கள் வீடுகளில் பிண்ணாக்கு என்பது தீவனம் மட்டுமன்று. மாட்டின் மீதுள்ள பாசத்தின் அளவுகோல். அதைக் குறைக்கச் சொன்னால், குழந்தையின் சோற்றைக் குறைக்கச் சொன்னதுபோல் முகம் வாடுகிறது. தங்கை அன்று மருத்துவரிடம் சொன்னது இது: "வாயில்லாச் சீவன் சார், அது வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"

அளவுகோலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-இல் சீனாவில் நடந்த கொடுமை சாட்சி. பாலில் புரதத்தை நேராக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணிப்பதைப் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜன் செறிந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தன. அது குற்றம், நம் தொழுவத்தில் நடப்பது அறியாமை. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் நைட்ரஜன் இருக்கும் இடமெல்லாம் புரதம் இருப்பதாகாது, புரதம் இருக்கும் இடமெல்லாம் பால் இருப்பதாகாது என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

ஊரார் கணக்கில் எழுதப்படும் செலவு

இதுவரை சொன்னது வீட்டுக் கணக்கு. ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு. தொழுவத்திலிருந்து எழும் அம்மோனியா வேறோர் இடத்தில் மண்ணிலும் நீரிலும் படிகிறது. மண்ணில் தங்கும் நைட்ரஜன் நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்குகிறது. இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் ஏற்கத்தக்கது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகி வானில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமேற்றும் வாயு. மாடு வைத்திருப்பவர் பிண்ணாக்குக்குப் பணம் கொடுக்கிறார். பக்கத்துத் தெருக் கிணற்றுக்கு யாரும் கொடுப்பதில்லை. ஒருவர் செயலின் செலவு பிறர் தலையில் விழும் இந்த நிலையைப் பொருளாதார அறிஞர் பிகு 1920-லேயே விரிவாக ஆராய்ந்தார்.

இதைக் கண்டுகொள்ளாமல் விட்ட நாடு என்ன பாடுபடும் என்பதற்கு நெதர்லாந்து எடுத்துக்காட்டு. சிறிய நிலப்பரப்பில் செறிவான கால்நடை வளர்ப்பு. இறக்குமதியாகும் புரதத் தீவனம். அதன் நைட்ரஜன் இயற்கைக் காப்பிடங்களில் படிந்தது. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 மே 29 அன்று, நைட்ரஜன் வெளியேற்றத்துக்கு அனுமதி வழங்கும் அரசின் முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்டுமானத் திட்டங்கள் பல நின்றன. அக்டோபர் முதல் நாள் உழவர்கள் டிராக்டர்களோடு அரசு நிர்வாகம் இயங்கும் ஹேக் நகரைச் சூழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு, மாட்டுத் தீவனத்தின் புரத அளவுக்கு அரசே வரம்பு கட்ட முனைந்தது. மாட்டின் நலன் கெடும் என்று உழவர்கள் எதிர்த்தார்கள். 2020 ஆகஸ்டில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2023 மார்ச் மாநிலத் தேர்தலில் உழவர்களின் சீற்றத்திலிருந்து பிறந்த ஒரு புதிய கட்சி முதலிடம் பிடித்தது.

ஒரு சதவீதப் புள்ளிப் புரதம் ஓர் அரசியலையே புரட்டிப்போடும் என்று நான் பாடம் நடத்திய காலத்தில் எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அறிவியல் சரியாக இருந்தும் அந்தத் திட்டம் ஏன் தோற்றது? ஒவ்வொரு மாட்டையும் பார்த்துச் சொல்லாமல், வரம்பை மேலிருந்து கட்ட முனைந்தார்கள். 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும்; பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆணைக்கு அந்த நெகிழ்வு இல்லை.

இங்கே வேண்டியது என்ன?

நெகிழ்வு நமக்கு அவர்களைவிடப் பன்மடங்கு தேவை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19.25 கோடி மாடுகளும் 10.98 கோடி எருமைகளும் உள்ளன. இவற்றுள் பல, புரதம் மிகுந்து அன்று, புரதமின்றித்தான் வாடுகின்றன. நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் 3 முதல் 4 சதவீதமே. மொத்தத் தீவனத்தில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளே பட்டினி. அவை சோர்ந்தால் வைக்கோலின் நாரும் செரிக்காது. மாடு தின்னும் அளவும் குறையும். கோடையில் வைக்கோலை மட்டும் மென்று நிற்கும் மாட்டுக்கு அரை கிலோ பிண்ணாக்கோ ஒரு கட்டு அகத்திக் கீரையோ கொடுத்தால் பால் கண்கூடாக ஏறும். அதே அரை கிலோ, என் தங்கையின் தொழுவத்தில் வெறும் நெடி. ஒரே ஊரில், ஒரே விலையில் வாங்கிய ஒரே பொருளின் இறுதிநிலைப் பயன் இரண்டு தொழுவங்களில் இரண்டு விதம். ஆகவே 'பிண்ணாக்கைக் குறை' என்பதும், 'பிண்ணாக்கைக் கூட்டு' என்பதும் பொது அறிவுரையாகவே கூடாது. மாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்துச் சொல்லும் முயற்சி நம் நாட்டில் நடந்திருக்கிறது. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம், தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில் சமச்சீர் தீவனத் திட்டம் ஒன்றைப் பல மாநிலங்களில் நடத்தியது. உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று மாட்டின் மார்புச் சுற்றளவை அளந்து, பால் அளவையும் வீட்டிலிருக்கும் தீவனங்களையும் கணினி மென்பொருளில் பதிந்து, எதை எவ்வளவு போடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். புதிய பொருள் எதையும் வாங்கச் சொல்லாமல், இருப்பதைச் சரியான விகிதத்தில் கலக்கச் சொல்லும் இந்த அணுகுமுறைதான் சிறு விவசாயிக்குப் பொருந்தும். திட்டக் காலம் முடிந்ததும் அடங்கிவிடாமல், ஒவ்வொரு பால் சங்கத்தின் நிரந்தரப் பணியாக இது ஆக வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கைக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. இரத்தத்தில் மிகும் யூரியா பாலிலும் மிகும் என்று சொன்னேன் அல்லவா? விஸ்கான்சின் சோதனையில் பாலிலுள்ள யூரியா நைட்ரஜன், தீவனப் புரதம் கூடக்கூட, நூறு மில்லி லிட்டருக்கு 7.7 மில்லிகிராமிலிருந்து 15.6 மில்லிகிராமாக ஏறியது. அதாவது, வயிற்றுக்குள் என்ன வீணாகிறது என்பதைப் பாலே சொல்லிவிடுகிறது. மேலைநாடுகளில் பல பண்ணைகளுக்கு இந்த எண் மாதந்தோறும் அறிக்கையாக வருகிறது. நம் பால் நிலையங்களிலும் யூரியாவைச் சோதிக்கிறார்கள். ஆனால் கலப்படக்காரரைப் பிடிக்க மட்டும். சட்டப்படி பாலில் யூரியா 700 பி.பி.எம். வரை இருக்கலாம். விஸ்கான்சினில் மிக அதிகப் புரதம் தின்ற பசுக்களின் பாலில்கூட அது ஏறத்தாழ 330 பி.பி.எம். தான். ஆகவே இதனால் பாலைக் குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கலப்படச் சோதனை, தீவன வீணடிப்பை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து அட்டையில் எழுதுவதுபோல், மாதம் ஒருமுறை யூரியாவையும் அளந்து எழுதலாமே! கண்ணுக்குத் தெரியாத இழப்புக்கு ஓர் அட்டை கிடைத்துவிடும்.

மூன்றாவது, தொழுவத்தின் தரை. சாணத்தை நாம் பொன்போல் அள்ளிச் சேர்க்கிறோம், கோமியத்தை ஓடவிடுகிறோம். மிகைப் புரதத்தின் நைட்ரஜன் பெரிதும் போவது கோமியத்தில்தான். சற்றே சரிவான தரையும் ஒரு சேகரிப்புத் தொட்டியும் இருந்தால், அது உடனுக்குடன் தீவனப்புல் வயலுக்குப் போகும். 45 கிலோ யூரியா மூட்டையை வரி நீங்கலாக 242 ரூபாய்க்கு உழவருக்குக் கொடுக்க அரசு பெருந்தொகையை மானியமாகச் சுமக்கிறது. யூரியாவும் அதற்கான எரிவாயுவும் ஓரளவு இறக்குமதியாகின்றன. அதே யூரியா, நம் தொழுவத்துச் சாக்கடையில் விலையின்றி ஓடுகிறது. ஒரு கையால் இறைத்து மறு கையால் மானியம் கேட்கும் இந்த முரண்பாட்டை எந்தப் பாடநூலிலும் நான் எழுதவில்லை.

தங்கையின் தொழுவத்துக்குத் திரும்புகிறேன். மருத்துவர் பிண்ணாக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். அந்த இடத்தில் அரைத்த மக்காச்சோளத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டினார். வேலிமசாலைத் தனியே போடாமல் சோளத்தட்டோடு நறுக்கிக் கலக்கச் சொன்னார். தாது உப்புக் கலவையை விடாமல் போடச் சொன்னார். பால் ஒரு லிட்டரும் குறையவில்லை. சில வாரங்களில் சற்றே கூடியது. தீவனச் செலவு இறங்கியது. அந்தப் பசு அடுத்த பருவத்தில் சினை பிடித்தது. இரத்தத்தில் மிகுந்த யூரியாவுக்கும் சினை பிடிக்காமைக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டினாலும், இந்த ஒரு மாட்டில் அதுதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். வியாபாரியிடம் மட்டும் மாடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய பிண்ணாக்கு மூட்டை ஒன்று மிச்சம் இருந்தது. அதை என்ன செய்தாய் என்று கேட்டேன். கோடை முழுவதும் வைக்கோலில் மாட்டைக் கட்டிவைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டாளாம். "அவங்க மாட்டுக்குத்தான் அண்ணா அது வேணும். ஒரு வாரத்துல பால் ஏறிடுச்சு" என்றாள். இறுதிநிலைப் பயன் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஒரு வளம் இடம்பெயர்ந்தால் இருவருக்கும் நன்மை என்பதை நான் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துவேன். தங்கை அதை ஒரு மாலைப்பொழுதில் வேலிக்கு மேலாகக் கைமாற்றி முடித்திருந்தாள்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).